வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பு போயிடும்!

கல்லூரி மாணவிகளின் வாயை அடைத்து வைத்திருக்கும் இந்த ஒரு வரி, குற்றவாளிகளுக்குக் கவசமாகிப்போனது எப்படி? அதை உடைக்க வேண்டியவர்கள் யார்?

2024 டிசம்பர் 23, இரவு. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நண்பருடன் பேசிக்கொண்டிருந்த மாணவியை, வெளியிலிருந்து உள்ளே நுழைந்த ஒருவன் மிரட்டிப் பாலியல் வன்கொடுமை செய்தான். அவன் பெரிதும் நம்பியது தன் கையிலிருந்த செல்போனை. இருவரையும் வீடியோ எடுத்து வைத்திருப்பதாகவும், அதை வெளியே விட்டுவிடப் போவதாகவும் சொன்ன மிரட்டல்தான் அவனுடைய ஆயுதம்.

அவன் போட்ட கணக்கு எளிமையானது. இந்தப் பெண் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்தக் கணக்கு தப்பியது. மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. ஐந்தே மாதங்களில், 2025 மே 28 அன்று, அவன் மீதான 11 குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்பட்டதாகச் சென்னை மகளிர் நீதிமன்ற நீதிபதி எம்.ராஜலட்சுமி அறிவித்தார். ஜூன் 2 அன்று தண்டனை விவரம் வந்தது. 30 ஆண்டுகளுக்குக் குறையாத, தண்டனைக் குறைப்பு ஏதுமில்லாத ஆயுள் சிறை. 90,000 ரூபாய் அபராதம்.

ஆனால் அந்த ஐந்து மாதங்களுக்குள் வேறொன்றும் நடந்தது. மாணவியின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்தில் திறந்து கிடந்தது. செல்போன்களில் அது பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்கவும், அவரிடம் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாதென்றும் உத்தரவிட்டது. ‘வெளியே தெரிந்துவிடும்’ என்று எந்தப் பயத்தைக் காட்டி அவன் மிரட்டினானோ, அந்தப் பயத்தை அரசு இயந்திரமே மெய்யாக்கிவிட்டது என்பதுதான் இந்த வழக்கில் இன்றும் நெஞ்சை அறுக்கும் பகுதி.

பொள்ளாச்சி சொன்ன பாடம்

இந்த மிரட்டல் புதிதல்ல. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் ஆண்டுக்கணக்கில் நடத்திய அக்கிரமத்துக்கும் அடிப்படை இதுதான். நட்பாகப் பேசுவது, தனியே அழைத்துச் செல்வது, வீடியோ எடுப்பது, பிறகு அந்த வீடியோவைக் காட்டியே மீண்டும் மீண்டும் வரவழைப்பது. எத்தனை பெண்கள் வாய் திறக்காமல் ஒடுங்கிப்போனார்கள் என்ற முழுக் கணக்கு யாரிடமும் இல்லை.

2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் வீட்டில் சொன்னார். வீடு அவர் பக்கம் நின்றது. அண்ணன் களத்தில் இறங்கினார். பிப்ரவரி 24 அன்று காவல் நிலையத்தில் புகார் பதிவானது. அதன்பிறகு நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மாவட்டக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் அந்த மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆறு ஆண்டுகள் இழுத்த இந்த வழக்கில் சாட்சி சொன்ன 48 பேரில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. ஒரு பெண் சொன்னதும், ஒரு குடும்பம் நம்பியதும், அதைப் பார்த்து மற்ற பெண்கள் முன்வந்ததும்தான் இந்தத் தீர்ப்பின் அஸ்திவாரம்.

அருப்புக்கோட்டையிலும் அப்படித்தான். அங்கே தனியார் கலைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, நான்கு மாணவிகளிடம் மதிப்பெண்ணையும் பணத்தையும் ஆசை காட்டித் தவறான வழிக்கு அழைத்தார். மாணவிகள் அந்தத் தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்தார்கள். 2018-இல் அந்த ஒலிப்பதிவு வெளியானது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஏன் சொல்வதில்லை?

உயர்கல்வியில் இந்தியாவே தமிழ்நாட்டை அண்ணாந்து பார்க்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்கள் இன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பெண்கள் எவ்வளவு சண்டை போட்டு வந்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ‘பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?’ என்று கேட்ட பெரியப்பாவை, ‘ஏதாவது ஒண்ணு நடந்தா அன்னிக்கே நிறுத்திடுவேன்’ என்று நிபந்தனை போட்ட அப்பாவை, ‘எம்மானத்தக் காப்பாத்து தாயி’ என்று கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்ட அம்மாவை, எல்லோரையும் தாண்டித்தான் விடுதி அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பேருந்தில் ஒருவன் கை வைத்தாலும், ஆய்வகத்தில் பேராசிரியர் வேண்டுமென்றே உரசினாலும், காதலித்தவன் பிரிந்த பிறகு பழைய படங்களைக் காட்டி மிரட்டினாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்த நிபந்தனைதான். வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பு போயிடும். போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

தண்டனை யாருக்கு? தவறு செய்தவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அவள் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

கல்லூரிகளும் பல நேரம் இதே வழியில்தான் போகின்றன. ஏதாவது நடந்துவிட்டால் மறுநாள் வரும் சுற்றறிக்கை பெண்கள் விடுதியின் கதவை இன்னும் அரைமணி நேரம் முன்னதாக அடைக்கச் சொல்லும். துப்பட்டா பற்றி ஓர் அறிவுரை வரும். ‘நம்ம காலேஜ் பேரு கெட்டுடும்மா’ என்று துறைத்தலைவர் தணிந்த குரலில் சொல்வார். இதற்கு விழிப்புணர்வு என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லுக்கே பொருள் கெட்டுவிடும்.

ஒரு சொல் குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டியது கால் நூற்றாண்டுக்கு முன்பும் நடந்தது. 1998 ஜூலையில், சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டகாசத்தில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஊரே கொதித்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரில் ‘ஈவ் டீசிங்’ என்ற சொல் இருந்தது. உயிரைப் பறித்த குற்றத்துக்குக் கேலி, கிண்டல் என்று பொருள்படும் சொல்! 2002-இல்தான் அது ‘பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம்’ என்று மாறியது. சட்டப் புத்தகத்தில் மாறிய சொல், பேச்சு வழக்கில் இன்னும் மாறவில்லை.

அந்நியன் அல்ல, தெரிந்தவன்

பாலியல் குற்றம் என்றதும் இருட்டுச் சந்தும் முகம் தெரியாத ஆளும்தான் மனதில் வருகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். நண்பர், காதலர், உறவினர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். மதில் சுவரை உயர்த்துவதும் கேமரா மாட்டுவதும் தேவைதான். ஆனால் கேமராவுக்கு எட்டாத இடத்தில்தான் பெரும்பாலான குற்றங்கள் நடக்கின்றன.

‘கத்தியிருக்கலாமே, தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமே?’ என்ற கேள்வியும் உடனே வரும். பயத்தின் உச்சியில் உடல் மரத்துப்போவது இயற்கை. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர், அந்த நேரத்தில் கை கால் அசைக்க முடியாமல் உறைந்துபோனதாகச் சொல்லியிருந்தார்கள்.

சட்டமும் இதைப் புரிந்துவைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே ஒருவர் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது எனத் தெளிவாகச் சொல்கிறது. சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமில்லாமல், அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தரப்பட வேண்டும். சினிமாவுக்கு வரச் சம்மதித்தது சினிமாவுக்கு மட்டும்தான். போன மாதம் தொட அனுமதித்தது இன்றைக்குச் செல்லாது. மது மயக்கத்தில் என்ன நடக்கிறதென்று புரியாத நிலையில் தலையாட்டியது சம்மதமே இல்லை.

இன்னொன்றையும் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். முதலாண்டில் சேரும் பலருக்கு வயது 17. அவர்கள் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள்; போக்சோ சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மூடி மறைப்பதே தண்டனைக்குரியது. கல்லூரியின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசி முடிக்கும் பேராசிரியர் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

பின்னாலேயே சுற்றினால் ஒருநாள் அவள் மனம் இளகிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகத் திரைப்படங்கள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து தொல்லை செய்தவன்தான் தள்ளியவன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை. இந்தப் பிரிவை முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் எத்தனை?

அறிவிப்புப் பலகையில் ஒரு பழைய தாள்

ஏதோ ஒரு கல்லூரியின் நிர்வாகக் கட்டடத்தில் நுழைந்து பாருங்கள். தேர்வுக் கட்டண அறிவிப்புக்கும் ரத்ததான முகாம் போஸ்டருக்கும் இடையில், குண்டூசியில் தொங்கும் மஞ்சளேறிய ஒரு தாள் இருக்கலாம். ‘உள்ளகப் புகார் குழு’ என்று தலைப்பு. கீழே சில பெயர்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். மாணவப் பிரதிநிதி என்ற இடத்தில் படித்து முடித்துப் போன பெண்ணின் பெயர் நிற்கும். செல்போன் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்ததுதான் விசாகா தீர்ப்பு; பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும் என்றது அது. அதனால்தான் இந்தக் குழுவை இன்றும் பலர் ‘விசாகா கமிட்டி’ என்கிறார்கள். 2013-இல் பணியிடங்களுக்கான தனிச்சட்டம் வந்தது. கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிமுறைகள் 2016 மே மாதம் அறிவிக்கையாயின.

அந்த விதிமுறைகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். அவ்வளவு நல்லவை. குழுவுக்குத் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற பெரிய பதவியில் இருப்பவர்கள் குழுவில் இடம்பெறவே கூடாது. பாதிக்கப்பட்டவரால் புகார் தர இயலாதபோது தோழியோ உறவினரோ மனநல ஆலோசகரோ தரலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அதுவரை, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்று தடுக்கலாம். கல்லூரிப் பேருந்து, களப்பயணம், விளையாட்டுப் போட்டிக்குப் போகும் ஊர் எல்லாமே வளாகக் கணக்கில் வரும்.

காகிதத்தில் இருப்பது கையில் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு ஒடிசா சாட்சி. பாலசோர் நகரிலுள்ள ஃபகீர் மோகன் கல்லூரியில் பி.எட். படித்த 20 வயது மாணவி, துறைத்தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். நடவடிக்கைக்காகக் காத்திருந்தார், போராடினார். 2025 ஜூலை 12 அன்று கல்லூரி வளாகத்திலேயே தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் புவனேஸ்வர் எய்ம்ஸ் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. துறைத்தலைவரும் முதல்வரும் கைதானார்கள். குழு அமைக்காத கல்லூரிகள் 24 மணி நேரத்துக்குள் அமைக்க வேண்டும் என்று மாநில உயர்கல்வித் துறை உத்தரவு போட்டது. ஒரே நாளில் செய்ய முடிந்த வேலை. அதற்கு ஒரு பெண் எரிய வேண்டியிருந்தது.

குழு இருந்தால் மட்டும் போதாது, அதற்கு விசாரிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். கோவா பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் ஒருவர் மீது மாணவிகள் 2009-இல் புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக விசாரணையை முடித்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தன் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்ற காரணத்தால் 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து, விசாரணையை மீண்டும் குழுவிடமே அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள் வீண். முறையாக விசாரிக்கத் தெரியாத குழு, புகார் கொடுத்தவருக்கும் நீதி தராது, புகாருக்கு ஆளானவருக்கும் தராது. அதே தீர்ப்பில், நாடெங்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைப்படுத்தப்படும் லட்சணத்தை உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது.

தோழி சொல்கிறாள். அடுத்து என்ன?

விடுதிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருத்தி அழுகிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று முழு நாளும் தவித்துவிட்டுச் சொல்கிறாள். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘நீ ஏன் அங்க போன?’ என்று கேட்டால் கதவு மூடிவிடும். ‘நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?’ இவ்வளவு போதும்.

முதல் மூன்று நாட்கள் மிக முக்கியம். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 28 நாள் தொடர வேண்டும். உடலிலிருந்து தடயம் எடுப்பதற்கு நான்கு நாள் வரை வாய்ப்புண்டு. முடிந்தவரை குளிக்காமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. உடை மாற்றிவிட்டால், பழைய துணிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகித உறையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் அழிந்துவிடும். குளித்தாகிவிட்டது, துவைத்தாகிவிட்டது என்றாலும் போகலாம். சிகிச்சைக்கு அதனால் தடையில்லை, வழக்கும் அதனால் செத்துவிடாது.

அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ‘முதல்ல போலீஸ் கம்ப்ளைன்ட் கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதனைக்குப் பெண்ணின் சம்மதம் கட்டாயம். கன்னித்தன்மையைப் பார்ப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்டுவந்த இரு விரல் சோதனையை 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டித்தது. அதைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று கைவிரிக்கக் கூடாது. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. வாக்குமூலத்தைப் பெண் காவலர் எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடும் யாருக்கும், பத்திரிகையாளர், காவலர், வாட்ஸ்அப்பில் அனுப்பும் சக மாணவர் என்ற வேறுபாடில்லாமல், இரண்டாண்டு வரை சிறை உண்டு.

இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் பயத்துக்குச் சட்டம் தரும் பதில் இது: 18 வயது நிறைந்த மாணவி, காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ உள்ளகப் புகார் குழுவிலோ பெற்றோரின் கையெழுத்தையோ அனுமதியையோ காட்டத் தேவையில்லை. வழக்கறிஞருக்குச் செலவழிக்கப் பணம் வேண்டியதில்லை. எந்த வருமானமுள்ள பெண்ணுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

தாமதமாகச் சொன்னாலும் கதவு அடைபட்டுவிடாது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் திரும்பிய சிறுமி கடத்தப்பட்ட பஞ்சாப் வழக்கில், 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதை எடுத்துரைத்தது. குடும்ப மானத்தை நினைத்துத் தயங்குவதால் புகார் தாமதமாவது இயல்பு. அந்தத் தாமதத்தை மட்டும் வைத்து வழக்கைப் பொய் என்று தள்ளக் கூடாது என்றது.

கைபேசிக்குள் வரும் மிரட்டல்

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுத்தால் அவன் நிறுத்த மாட்டான், மறுபடி கேட்பான். உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அவனுடைய கணக்கின் முகவரியையும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் தரலாம். பாதிக்கப்பட்டவர் புகார் சொன்ன சில மணி நேரத்துக்குள் இப்படிப்பட்ட படங்களைச் சமூக ஊடக நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. முகத்தை மட்டும் ஒட்டிச் செய்த போலிப் படத்துக்கும் இது பொருந்தும். அவளே ஆசைப்பட்டு அனுப்பிய படம் என்றாலும், அதை அவள் சம்மதமில்லாமல் மூன்றாமவருக்கு அனுப்புவது குற்றமே. குழுவில் வந்ததை ‘ஃபார்வர்டு’ செய்தவனும் தப்ப முடியாது.

பையன்களிடம் பேச வேண்டியது

மாணவிகளை மட்டும் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைத்துத் தற்காப்புக் கலை காட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் போதாது. அதே நேரத்தில் மாணவர்கள் கேன்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். பேச வேண்டியது அவர்களிடமும்தான்.

பெரும்பாலான மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் பக்கத்தில் தப்பு நடக்கும்போது பேசாமல் இருப்பவர்கள். கல்லூரி விழா முடிந்த இரவில், தள்ளாடும் தோழியை ஒருவன் தனியே அழைத்துப்போகப் பார்க்கிறான். சண்டை போட வேண்டாம். ‘ஏய், வார்டன் உன்னத் தேடுறாங்க, வா போலாம்’ என்று அவளை அழைத்துக்கொண்டு நகர்ந்தாலே போதும். இரண்டு தோழிகளைக் கூப்பிட்டு நிறுத்தினால் போதும். வகுப்புக் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்து விழும்போது, ‘டேய், தூக்குடா இத’ என்று முதலில் ஒருவன் எழுதிவிட்டால், அடுத்த நான்கு பேருக்குத் துணிச்சல் வரும்.

பாதிக்கப்படும் ஆண்களும் திருநங்கையரும் திருநம்பியரும் இருக்கிறார்கள். ராகிங் என்ற பெயரில் விடுதிகளில் நடக்கும் பல கொடுமைகள் பாலியல் கொடுமைகளே. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆம் பிரிவுக்கு இணையான எதுவும் புதிய சட்டத்தில் இல்லாததால், வயதுவந்த ஆண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் அதற்கென்று தனிப்பிரிவு இன்று கிடையாது. திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் பாலியல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டாண்டுதான். நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இது. அதுவரை, மாணவர்களில் ஆண்கள் சிலரும் மூன்றாம் பாலினத்தவரும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று மானியக் குழு விதிமுறைகள் ஒத்துக்கொண்டிருப்பதை உள்ளகப் புகார் குழுக்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஒரு படிவம் போதும்

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரும், அவருடைய பெற்றோரும் ராகிங் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரம் தருகிறார்கள். கிராமத்திலிருந்து வரும் அப்பாவுக்கும் ‘ராகிங்’ என்ற சொல் தெரியும். அது குற்றம் என்றும், யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.

அதே சேர்க்கை நாளில், அதே மேசையில், இன்னும் ஒரு தாளை வைக்கலாம். அதில் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுத் தலைவரின் பெயரும் செல்போன் எண்ணும் இருக்கட்டும். சம்மதம் என்றால் என்ன என்று நான்கு வரி இருக்கட்டும். கீழே பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வாக்கியம்: ‘என் பிள்ளைக்கு இப்படி ஏதாவது நேர்ந்தால், அதற்காக அவளுடைய படிப்பை நிறுத்த மாட்டேன்.’ உயர்கல்வித் துறை ஓர் உத்தரவு போட்டால் அடுத்த ஜூன் மாதமே இது நடக்கும். காசு பணம் தேவையில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகளோ மகனோ இருந்தால், இன்று இரவு சாப்பிடும்போது அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கல்லூரியில் படிப்பவர் என்றால், நாளை காலை அறிவிப்புப் பலகைக்குப் போய் அந்தப் பழைய தாளைப் பாருங்கள். அதில் எண் இல்லையென்றால் முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள். கீழேயுள்ள எண்களைச் செல்போனில் பதிந்துவையுங்கள், தோழிக்கும் அனுப்புங்கள்.

அவசர உதவி – 112
பெண்கள் உதவி மையம் – 181
மகளிர் காவல் உதவி – 1091
சைபர் குற்றம் – 1930
18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு – 1098
இலவசச் சட்ட உதவி – 15100
மனநல ஆலோசனை – 14416